கணக்கிடாத பாதி

கணினித் திரையில் வலப்பக்கத்துத் தண்ணீரில் மட்டும் ஒரு குழி விழுந்திருந்தது. இடப்பக்கம் இல்லை. ஜெயமேரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அப்படி இருக்கவே முடியாது. எஸ்டேட் குளத்தின் அடிப்பாறையைத் தகர்க்க வெடி வைத்தால், தண்ணீருக்குள் குமிழி உப்பும், சுருங்கும், மறுபடி உப்பும். அப்போது மேல்தண்ணீர் எவ்வளவு எழும்பும் என்று கணினியில் கணக்குப் போட்டவள் அவள்தான். குளம் இருபக்கமும் ஒன்றுபோலத்தானே என்று பாதிக்கு மட்டும் போட்டாள். வடகரையிலிருந்து பார்ப்பதுபோல் வரைந்ததில் வலப்பக்கம் வரும் மேற்குப் பாதி, கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி ஒட்டிய படம்; இடப்பக்கம் இல்லாதது அதில் வர வழியில்லை. அவள் துறையில் எல்லோரும் செய்கிற சிக்கனம்தான்.

"ஐயாவ மேக்குக் கரையில நிக்க வேண்டாம்னு சொல்லுங்க அம்மணி. அந்தப் பக்கத்துத் தண்ணி நல்லதில்லீங்க" என்று காவல்காரர் அங்கப்பன் நேற்றே கெஞ்சினார். அவள் சிரித்தாள். வெடி வேலையைப் பார்க்கும் கணவன் லாசரை அங்கேயே நிற்கச் சொன்னாள். காலையில் அவன் சட்டையின் இடது பையில் செபமாலையைப் போட்டு, இடப்புருவத் தழும்பில் முத்தமிட்டு அனுப்பினாள்.

சற்றுமுன் வெடிச்சத்தத்தில் பாத்திரங்கள் அதிர்ந்து அடங்கியிருந்தன. சாயங்காலப் பனி சன்னலை மூட, சில்வர் ஓக் மரங்கள் ஓட்டின்மேல் சொட்டிக்கொண்டிருக்க, காப்பிப்பழத் தோல் ஊறும் புளித்த வாடைக்கு நடுவே, எங்கிருந்தோ குளத்துச் சேற்றின் நாற்றமும் வீட்டுக்குள் நுழைந்தது.

குழி பெரிதாகியிருந்தது. ஓர் ஆள் மார்பளவுத் தண்ணீரில் நின்றால் விலகும் அளவு. லாசருக்குப் போன் போட்டாள். அங்கப்பன் எடுத்தார்.

"வெடி முடிஞ்சுதுங்க அம்மணி. ஐயாவுக்கு ஒண்ணுமில்லீங்க. குனிஞ்சு தண்ணியையே நொம்ப நேரம் பாத்துட்டு நின்னாருங்க. அப்பறம் ஊட்டுக்கு நடந்துட்டாரு. போனைக்கூட எடுத்துக்கலீங்க."

கதவு திறந்தது.

லாசர். நனையவில்லை. சிரித்தான். அப்பாடா என்று அவள் எழுந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டடி வைத்தவள் நின்றாள்.

சட்டைப்பை வலப்பக்கம் இருந்தது. செபமாலையின் சிலுவை அங்கே தொங்கியது. தழும்பு, வலப்புருவத்தில்.

"நொம்ப குளுருது மேரி" என்றான். மேசையருகே வந்து, இடது கையை நீட்டித் திரையை அணைத்தான்.

கறுத்த கண்ணாடியில் அவன் உருவம் விழுந்தது. அதில் பை இடப்பக்கம். தழும்பு இடப்புருவத்தில். எல்லாம் சரியாக இருந்தது.

அந்த லாசர் சிரிக்கவில்லை. வாயிலிருந்து குமிழிகள் கிளம்ப, உள்ளிருந்து இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தான்.