வேலைக்குத் தகுதி

என் புருஷனைப் பெரிய டாக்டர் என்று புகழ்கிறவர்களில் ஒருவர்கூட அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர் இல்லை.

சாந்தன்பாறையில் நாங்கள் போய் இறங்கியது எழுபத்துமூன்றில், ஆடி மழையில். ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது ஒரு தகரக் கொட்டகை. முன்பக்கம் நோயாளிகள், பின்பக்கம் நாங்கள், நடுவே பலகைச் சுவர். எங்கே திரும்பினாலும் நனைந்த கம்பளி வாடை. மழைக்காகத் தோட்டத்து ஜனங்கள் தலையோடு போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளி. பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி வெயிலில் வளர்ந்த எனக்குக் குமட்டியது.

என் புருஷன் ஈஸ்வரமூர்த்தி பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது ஸ்டெதாஸ்கோப்பை அல்ல, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகளை. நோயாளிக்கு ஓர் அட்டை. குணமாகிவிட்டால் அதற்குரிய ஓட்டையின் ஓரத்தை வெட்டிவிடுவார். பிறகு எல்லாவற்றையும் கட்டாக அடுக்கி, நான் ஸ்வெட்டர் பின்ன வாங்கிய ஊசியை அந்த ஓட்டைக்குள் சொருகித் தூக்குவார். வெட்டிய அட்டைகள் பொலபொலவென்று கீழே விழும்.

"பாரு சரசு, உழுந்ததெல்லாம் பொழச்சது," என்பார்.

நாடி பிடிக்கக் கூசிய கை, என் ஊசியை மட்டும் விடவே விடாது. வைத்தியத்தையும் கணக்கையும் ஒன்றாகக் கலந்தவன் நான் ஒருத்தன்தான் என்று பீற்றல் வேறு.

அப்போது மலையில் மூச்சை அடைக்கும் ஒரு காய்ச்சல். அவர் ஏதோ புது மாத்திரை கொடுத்தார். வாங்கிப்போன ஆள் திரும்ப வராவிட்டால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். முதலில் வராமல் போனது கங்காணி பெரியமுத்து.

"அவரு மலையிறங்கிட்டாருய்யா," என்றார்கள்.

குணமாகாதவன் எப்படி அடிவாரத்துப் போடிக்கு இறங்கிப் போவான் என்று என் மேதை முடிவு கட்டினார். 'வேலைக்குத் தகுதி' என்று தோட்டத்து ஆபீசுக்குச் சீட்டு எழுதினார். ஆபீஸ் அதைப் படித்ததோ கிழித்ததோ! அட்டையை வெட்டினார். அப்புறம் எத்தனையோ பேர் மலையிறங்கினார்கள். எல்லோருக்கும் அதே வெட்டு, அதே தகுதி. ஒரு சாவுகூட இல்லாத வைத்தியம் என்று கட்டுரை எழுதினார். அதை வாசிக்க டெல்லியிலிருந்து அழைப்பும் வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் எனக்கு அது கேட்கத் தொடங்கியது. காலையில் தோட்டத்தில் பேர் கூப்பிட்டு ஆளெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். பெரட்டு மணி அடிப்பதற்கு முன்பே, மூடுபனிக்குள் யாரோ பேர் வாசித்தார்கள்.

"வந்தேன்யா."

"வந்தேன்யா."

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. கம்பளி வாடை மட்டும் ஜன்னல் வரை வந்து நின்றது.

மறுவருஷம் ஐப்பசியில் சின்னத்தாய்க்குக் காய்ச்சல் கண்டது. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள், வாயாடி. என் ரசத்தை வாயில் வைத்துவிட்டு, "கஞ்சித் தண்ணிக்கு எதுக்கும்மா கடுகு?" என்று கேட்டவள். அந்த மலையில் எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

"ஏனுங்க, ஜீப்புல போடிக்கு அனுப்பிச்சிருங்க. உதடெல்லாம் நீலமாயிருச்சு," என்று கெஞ்சினேன்.

அவர் ஊசியைத் தூக்கினார். அட்டைகள் விழுந்தன.

"இவளாட்டம் வந்தவங்க ஒருத்தருகூடச் சாகலை புள்ள. டெல்லி ரயிலப் புடிக்கப் போறதுக்கு ஜீப்பு எனக்கு வேணும்."

மறுநாள் அவள் புருஷன் கருத்தப்பாண்டி வந்து வாசலில் நின்றான். "மலையிறங்கிட்டாய்யா."

இவர் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார். எனக்கும் உயிர் வந்தது. "திரும்பி எப்பப்பா வருவா?" என்று கேட்டேன்.

பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். "மண்ணு தள்ளிட்டு வாரேன்மா. எங்கிட்டுத் திரும்பி வருவா? சாவுன்னு வாய்விட்டுச் சொன்னா அடுத்த வீட்டுக்கும் வருமின்னு நாங்க இப்படித்தான சொல்லுவோம்."

கத்தரிக்கோல் நின்றது. ஒரு கணம்தான்.

பிறகு வெட்டியது.

"ஏனுங்க!"

"ஒரு பேச்சுக்காக என்ற ஒழைப்பெல்லாம் பாழாகோணுமா?"

தூ!

அடுத்த விடிகாலையில் கங்காணி பெரியமுத்துவின் குரல் நன்றாகவே கேட்டது. "சின்னத்தாய்."

"வந்தேன்யா."

பலகைச் சுவரின் அந்தப் பக்கம் இருமல். ஒன்றல்ல, பல. பலகை இடுக்கில் செம்மண் நீர் கசிந்தது.

"தகுதின்னு எழுதிட்டீகளே. நிக்க முடியலய்யா."

"செத்தோமின்னு எழுதுங்கய்யா. போயிருதோம்."

அவருக்கும் கேட்டது. முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. எழுதினாரா? அட்டைகளை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, ஜீப்பில் ஏறினார். அந்த மனுஷனுக்கு டெல்லியில் மாலை போட்டார்கள், பதவி கொடுத்தார்கள். நான் நல்லேப்பிள்ளிக்குப் பிறந்த வீட்டோடு வந்துவிட்டேன்.

எழுபத்தெட்டில் பாலக்காட்டில் அவருக்கு ஒரு பாராட்டு விழா. அதற்கு என்னைக் கூப்பிட அவரே வந்தார், வந்த இடத்தில் எங்கள் வீட்டிலேயே காய்ச்சலில் படுத்தார். மூச்சை அடைக்கும் காய்ச்சல். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இளம் டாக்டர் அவரைப் பார்த்ததும் பூரித்துப்போனார்.

"கோயம்புத்தூருக்குக் கொண்டுபோலாங்களா?" என்றேன்.

"எதுக்குங்க? சாரோட கட்டுரையிலயே இருக்குதே, இந்த மாத்திரையில ஒருத்தருகூடச் சாகலைன்னு."

இவர் கையை உயர்த்தினார். வாய் திறந்தது. பொய் என்று ஒரு வார்த்தை சொல்ல மூச்சு இல்லை. நீல உதடு துடித்து அடங்கியது.

காரியம் முடிந்ததும் டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. அதன் பின்னாலேயே முற்றத்துக்கு அந்த இருமல்களும் வந்தன. ஒவ்வோர் அட்டையிலும் 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். சின்னத்தாயின் அட்டையை எழுதும்போது அழுது தீர்த்தேன். எழுத எழுத முற்றத்தில் இருமல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அவரவர் இறங்கிப் போனார்கள்.

அடியில் ஒரு வெற்று அட்டை இருந்தது. அதை நான் தொடவில்லை.

இப்போது விடிகாலைகளில் பேர் வாசிக்க ஆள் இல்லை. ஆனாலும் முற்றத்து மூடுபனியில் கம்பளி வாடை வருகிறது. ஓர் இருமல். பிறகு அந்தக் குரல்.

"வந்தேனுங்க."

தோட்டத்து ஆள் ஒருவனிடம்கூட அவர் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"நிக்க முடியல சரசு. எழுதிரு."

பேனா பக்கத்தில்தான் இருக்கிறது. நிற்கட்டும்.