பூட்டிய அறையில் பதினொரு போர்க்கப்பல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் சம்பந்தப்பட்ட பூனையையே கேட்டுக்கொள்ளலாம்.

மதியம் இரண்டு மணி இருக்கும். தராசுக்காரர் செய்தித்தாளை மடித்து முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். எடைக்கல்லுக்கு முத்திரை குத்தும் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டி ஓய்வுபெற்றவர். எதையும் கையில் தூக்கிப் பார்த்தே கிராம் கணக்கில் எடை சொல்லிவிடுவார். எதிரில் அவர் மனைவியின் தம்பி. பல் டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை, ஆனால் மனசெல்லாம் துப்பறிவதில். சட்டைப்பையில் எப்போதும் பேனா, நோட்டு, டாக்டருக்குத் தெரியாமல் எடுத்து வந்த, பல் பார்க்கும் குச்சிக் கண்ணாடி. அக்கம்பக்கத்தில் புரியாத சங்கதி எதுவானாலும் அத்தானிடம்தான் வரும். அப்படி ஏதாவது கேஸ் வராதா என்று லீவு நாளெல்லாம் இங்கேயே பழியாய்க் கிடப்பார்.

வந்தது. ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மாள், துண்டில் சுற்றிய கண்ணாடி டம்ளர் தண்ணீரை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல விஷம் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க," என்றாள். "இருந்தா, நான்தான் கலந்தேனான்னும் சொல்லுங்க."

கம்பவுண்டருக்கு நோட்டின் முதல் பக்கம் கிடைக்கவே சிறிது நேரம் பிடித்தது.

அவள் கணவரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். கடலில் கால் நனைத்தவரல்ல. ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வுபெற்ற மறுநாளே பரண்மேல் இருந்த பெட்டியிலிருந்து இருநூறு பிளாஸ்டிக் சிப்பாய்களை இறக்கினார். இவ்வளவு பெரிய படைக்கு ஒரு கப்பல்கூட இல்லையே என்பது அவருக்குத் தாங்கவில்லை. செருப்புக்கடை அட்டைப்பெட்டி கப்பலின் உடம்பானது, தீப்பெட்டி மேல்தளமானது. பற்பசை மூடியில் பீரங்கி மேடை, தீர்ந்துபோன ரீஃபிலில் பீரங்கிக் குழல். தண்ணீர் புகாமல் இருக்க மெழுகுவத்தியை உருக்கிப் பூசினார். வீட்டில் எது காணாமல் போனாலும் கப்பலில் தேடினால் கிடைக்கும்.

"நாலு மாசமா வயித்தைச் சுருட்டிப் பிடிக்குது. முகம் சாம்பலாப் போச்சு. டாக்டர் வாயுங்கறார். கொழுந்தனார் அவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு வாரம் வெச்சிருந்தார். அங்க நல்லா ஆயிட்டார். திரும்பி வந்த வாரமே மறுபடி படுத்துட்டார். 'அண்ணி கையிலதான் ஏதோ இருக்கு'ன்னு கொழுந்தனார் சொல்லிட்டார். அதுலருந்து இவர் அறையைப் பூட்டிக்கிட்டார். கடையில வாங்கின ரொட்டி, அவரே கொதிக்கவெச்ச தண்ணி. பன்னெண்டு நாளாச்சு."

"இப்ப தேவலையா?"

"இன்னும் மோசம். என் கையே படாம மோசமாகுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தூக்கத்துல எழுந்து போய் நான் ஏதாவது பண்றேனோ? எனக்கு என்னைப் பார்த்தாலே பயமா இருக்குங்க. இன்னைக்கு நாலு மணிக்குக் கொழுந்தனார் போலீஸைக் கூட்டிட்டு வர்றார்."

தராசுக்காரர் செருப்பை மாட்டினார்.

"கேப்டனோட தம்பிதான் அத்தான்," என்று வழியில் கம்பவுண்டர் காதைக் கடித்தார். "கப்பல் ஒட்டற பசையில எதையோ கலந்திருக்கான்."

"இருக்கட்டும் மச்சான். நடையைக் கட்டு."

அந்த வீட்டின் நடையில் வெளிச்சம் குறைவு. கடைசியில் இருந்த கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் ஒரு குரல்: "தண்ணி கொண்டு வந்திருந்தா அப்படியே திரும்பிப் போ."

இத்தனை பயத்தைக் கம்பவுண்டர் பல் பிடுங்கும் அறையில்கூடக் கேட்டதில்லை.

"கப்பல் பார்க்க வந்தோம்," என்றார் தராசுக்காரர்.

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

உள்ளே புழுக்கமும் மெழுகு நாற்றமும். ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் அடைத்திருந்தது. தரையில் இருநூறு சிப்பாய்கள் அணிவகுத்து, அத்தனை துப்பாக்கியும் கதவைக் குறிபார்த்தன. பின்னால் பதினொரு போர்க்கப்பல்கள். அதற்கும் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு கேப்டன். வலது மணிக்கட்டு பிழியாத துணிபோலத் தொங்கியது. கண் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பவுண்டர் அத்தானின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவருக்கே தெரியாது.

மூலையில் ஒரு பூனை பூசணிக்காய் பருமனில் படுத்திருந்தது.

"ரொட்டியும் தண்ணியும் முதல்ல அதுக்கு," என்றார் கேப்டன். "அரைமணி பார்த்துட்டுத்தான் நான் தொடுவேன். அதுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஆகுது. சுவர் வழியா வருதோ என்னமோ."

தராசுக்காரர் ஒரு கப்பலைத் தூக்கினார். கண்ணை மூடினார். புருவம் ஏறியது. "இந்த அறைக்குள்ள வந்தப்புறம் எத்தனை கட்டினீங்க?"

"மூணு. பயம் வந்தா கப்பல் கட்டுவேன். கட்டினாத்தான் பயம் அடங்கும்."

"தம்பி வீட்டுல?"

"அங்க ஒரே குழந்தைங்க. ஒண்ணும் கட்டல."

தராசுக்காரர் வாளித் தண்ணீரில் கப்பலை மிதக்கவிட்டு, ஓர் ஓரமாகப் பன்னிரண்டு சிப்பாய்களை நிறுத்தினார். கப்பல் லேசாகச் சாய்ந்து, பிடிவாதமாக நிமிர்ந்து நின்றது. அட்டைக் கப்பல் அப்படி நிற்பது கம்பவுண்டருக்கு ஏனோ பிடிக்கவில்லை.

வாசலில் பூட்ஸ் சத்தம். கேப்டனின் தம்பியும் ஒரு போலீஸ்காரரும் வந்தார்கள். தம்பி உள்ளே காலை வைக்காமலே அண்ணியைக் காட்டி, "இவங்கதான் சார்," என்றார். அவள் மறுக்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் உள்ள வாங்க," என்றார் தராசுக்காரர். "சிப்பாய்களை மட்டும் மிதிக்காதீங்க."

போலீஸ்காரர் நுனிக்காலில் நடந்து வந்தார்.

"விஷம் இருக்கு. அதுல சந்தேகமில்ல. ஆனா பூட்டின அறையில ஒருத்தருக்கு உடம்பு மோசமாகுதுன்னா, விஷம் வெளியிலருந்து வரல. அவரோடயே உள்ள வந்திருக்கு. ரொட்டியும் தண்ணியும் இல்ல. அதுக்குப் பூனை சாட்சி. தம்பி வீட்டுல எது இல்லாம குணமாச்சு? அண்ணி சமையல் இல்ல. அது ஒண்ணைத்தான் நீங்க பார்த்தீங்க. கப்பலும் இல்ல. அதை யாரும் பார்க்கல."

"பசைதானே அத்தான்?" என்றார் கம்பவுண்டர்.

"பசைக்கு இந்த எடை கிடையாது. அட்டையும் தீப்பெட்டியும் சேர்ந்து கால் கிலோவா?" கப்பலைக் கவிழ்த்துப் பேனாக்கத்தியால் அடிவயிற்றைக் கீறினார். மெழுகுக்குள்ளிருந்து ஒரு நூல் வந்தது. நூல் முழுக்க மிளகு மிளகாகச் சாம்பல் நிறக் குண்டுகள். "தூண்டிலுக்குப் போடற ஈயக்குண்டு. சிப்பாய் ஏறினா கப்பல் கவிழும். கவிழாம இருக்க அடியில பாரம். முப்பது வருஷம் எடைக்கல்லோட அடியில ஈயம் பார்த்தவன் நான், கை மறக்காது. கேப்டன், குண்டோட பிளவுல நூலை வெச்சு எதால அழுத்துவீங்க?"

"ஒரு கையில கப்பல், ஒரு கையில நூல். மெழுகு ஆறதுக்குள்ள ஒட்டணும். இடுக்கியைத் தேட எங்க நேரம்? கடிச்சுடுவேன்."

"ஒரு கப்பலுக்கு எத்தனை குண்டு?"

"முந்நூறு."

கம்பவுண்டர் ஒரு குண்டை எடுத்துப் பார்த்தார். தினமும் பார்க்கிற பல் தடம்தான், சந்தேகமே இல்லை. குச்சிக் கண்ணாடியை உருவினார். "ஐயா, வாயைத் திறங்க." பல்லும் ஈறும் சேருமிடத்தில், ஒவ்வொரு பல்லின் அடியிலும், மையால் இழுத்ததுபோல ஒரு கருநீலக் கோடு.

"பேட்டரி பட்டறை ஆள் ஒருத்தர் வாயில பார்த்திருக்கேன்," என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ஈய விஷம்தான் அத்தான்."

"பயந்தார், கட்டினார்," என்றார் தராசுக்காரர். "கட்டினார், கடிச்சார். கடிச்சதுல இன்னும் மோசமாச்சு, இன்னும் பயந்தார். இன்னும் ரெண்டு கப்பல் கட்டியிருந்தா, அம்மாவை ஜெயில்ல போய்த்தான் பார்க்கணும். ஐயாவைப் பார்க்க முடியாது."

தம்பி சிப்பாய்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அண்ணி," என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"தண்ணி குடு," என்றார் கேப்டன், மனைவியைப் பார்த்து.

அவள் டம்ளரோடு வந்தாள். வாங்கிக்கொள்ள அவர் மணிக்கட்டு எழவில்லை. வாயருகே கொண்டுபோக அவள் கை நிற்கவில்லை. அவர் இடது கையால் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"முதல் வாய் கொப்புளிச்சுத் துப்பிடுங்க," என்றார் தராசுக்காரர். "அப்புறம் ஆஸ்பத்திரி."

கொப்புளித்தார். பிறகு பூனைக்கு வைக்காமலே டம்ளரைக் காலி செய்தார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அடைத்திருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக உருவினார்.

ஆறு மாதத்தில் கேப்டனின் மணிக்கட்டு நிமிர்ந்தது. இப்போது நான்கு கப்பல் கட்டியிருக்கிறார், பாரத்துக்குக் கூழாங்கல். இன்னொரு விவரமும் உண்டு, அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கேப்டனுக்கு நாற்பது வயதிலேயே பல் முழுக்கக் கொட்டிவிட்டது, பொய்ப்பல்லும் கட்டிக்கொண்டதில்லை. அப்படியானால் குண்டைக் கடித்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள், பூனையைக் கேளுங்கள்.