தவறாமல் படிக்கும் ஒருவர்

வியாழக்கிழமைக்கான கட்டத்தில் ஃபெபி எதையும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு தலைப்பு இருந்தது: ‘மழை நாளில் மடவைக் குழம்பு’.

வேதாரண்யத்துக்கு வெளியே, உப்பளத்துக்குப் போகும் சாலையில் கடைசி வீடு அவளுடையது. கணவன் ஜெரால்ட் தோஹாவுக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவன் போன பிறகுதான் சமையல் வலைப்பூ தொடங்கினாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மடிக்கணினியைத் திறந்து, தேதி, தலைப்பு, படம், நிலை என்று பிரித்து வைத்த ஷீட்டில் அடுத்த வாரப் பதிவுகளைக் குறித்துவைப்பாள். பேச ஆளில்லாத வீட்டில், நாளைக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்ல அந்தக் கட்டங்களாவது இருந்தன. ஒவ்வொரு பதிவையும் ஒருவர் படித்ததாகக் காட்டும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த ஒருவர் ஜெரால்ட் என்று நம்பியிருந்தாள். ஷீட்டையும் அவனுக்குப் பகிர்ந்திருந்தாள்.

அவன்தான் ஆசைப்பட்டு எழுதியிருக்கிறான் என்று மடவை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள், பதிவும் போட்டாள். மனசு லேசாக இருந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ‘தனியாகச் சாப்பிடுகிறவள் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள்’ என்றிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, ‘ஈரத் தலையோடு அடுக்களைக்கு வருகிறாள்’. துண்டிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

உடனே ஜெரால்டைக் கூப்பிட்டாள். ஷீட்டில் எழுதுவது அவனா என்று கேட்டாள். எந்த ஷீட் என்று கேட்டான் அவன்.

“என் பதிவெல்லாம் தினமும் படிக்கிறீங்கல்ல?”

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது, அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“கோவிச்சுக்காத ஃபெபி. லிங்க் வரும், அப்புறமா பாப்போம்னு விட்டுடுவேன். ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம்தான். ஒண்ணுகூட நான் படிச்சதில்ல.”

மேலே அவன் என்னவோ சொல்ல வந்தான். இணைப்பு அறுந்தது. மூன்று வருடம் யாருக்கு எழுதினோம் என்ற நினைப்பில் முதலில் அழுகைதான் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மணி மூன்றுதான். ஆனால் இடியோ மின்னலோ இல்லாத ஐப்பசி மழை, கடலிலிருந்து உப்பு வாசனையையும் வயலிலிருந்து அழுகிய வைக்கோல் வாசனையையும் ஒன்றாக வாரிக்கொண்டு வந்து, சன்னல்களுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் கெட்டியாக நின்றுகொண்டிருந்தது. கரண்ட் போனது. மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. போனில் சிக்னல் இல்லை. சாப்பாட்டு மேசையில், சுவரைப் பார்த்து வைத்திருந்த மடிக்கணினியின் திரை மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருக்க, அவள் போய் உட்கார்ந்து அந்த மூன்று தலைப்புகளையும் அழித்தாள்.

அழித்த முதல் கட்டத்தில் ஒரு சிவப்பு விளிம்பு வந்து நின்றது. வேறு யாரோ அதே ஷீட்டைத் திறந்திருந்தால் தெரியும் விளிம்பு.

இணையம் இல்லை. யாரும் திறக்க முடியாது.

விளிம்பு ஒவ்வொரு கட்டமாக இறங்கி இன்றைய தேதிக்கு வந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ‘எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.’

அவள் விரல்கள் விசைப்பலகையில் இல்லை. மடியில் இருந்தன.

‘நீ எழுதாததையும்.’

எழுந்துவிட நினைத்தாள். அடுக்களைப் பக்கம் ஈரத் தரையில் யாரோ பாதத்தை வைத்து மெதுவாக எடுக்கும் சத்தம். மறுபடியும். இன்னும் கிட்டத்தில். சேற்று வாசனை. தேங்கிய வாய்க்கால் வாசனை.

“யாரு?”

உதடு மட்டும் அசைந்தது.

நிலை என்ற கட்டத்தில் எழுத்து விழுந்தது. ‘படம் மட்டும் பாக்கி.’

அவள் திரும்பவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்தாள். நீலச் சுண்ணாம்புச் சுவர். வெறும் சுவர்.

முதுகுக்குப் பின்னால், க்ளிக்.

பளீரென்று வெள்ளை வெளிச்சம். சுவரில் அவள் நிழல் பெரிதாக விழுந்தது. அதன் தோளில் கை போட்டபடி, தலையைச் சாய்த்து, படத்துக்கு நிற்பதுபோல் இன்னொரு நிழல்.

வெளிச்சம் போன பிறகும் அந்த நிழல் சுவரை விட்டுப் போகவில்லை.