தீக்குச்சி குத்தவில்லை

தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாயாடி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பல் தேய்க்கும்போதுகூடப் பேசுகிற பிள்ளை. அப்படிப்பட்டவள் இரண்டு நாளாக ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள் என்றால், அவள் பட்ட பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா தகரப்பெட்டி செய்கிறவர். இரண்டு தெரு தள்ளி அவருடைய பட்டறை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வாயாடியும் எட்டு வயதுத் தம்பியும் அங்கே போனார்கள். புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்துக் காயவைத்திருந்த பெரிய பெட்டி ஒன்று இருந்தது. தம்பி ஓர் ஆணியை எடுத்து அதன் மூடியில் சிங்கம் வரைந்தான். சிங்கம் என்று அவன் சொன்னதால்தான் அது சிங்கம். மற்றபடி நாய்.

பெட்டியை வாங்கிப்போக வந்தவர் அதே நேரம் பார்த்து வாசலில் நின்றார். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. விரித்த கையால் தம்பியின் இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். தகரத்தை வளைத்து வளைத்துக் காய்த்துப்போன கை அது.

தம்பி அழவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னான். பிறகு அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

காரணம் வாயாடிக்கும் தெரியும். போன வருஷம் அப்பா அவளை அடித்து உதடு கிழிந்தபோது, அம்மா கத்தவில்லை. ரொம்ப அமைதியாகத்தான் சொன்னாள்.

"இன்னொரு தடவை புள்ளைங்க மேல கை வச்சீங்கன்னா, நானும் புள்ளைங்களும் இந்த வீட்ல இருக்க மாட்டோம்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். அப்பாவும் ஒரு வருஷம் முழுக்கக் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டுதான் இருந்தார். இப்போது இது தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். தம்பிக்கு அப்பாவும் வேண்டும், அம்மாவும் வேண்டும்.

புதன்கிழமை காலையில் தலையணையில் ரத்தமும் நீருமாக ஒரு கறை இருந்தது. அம்மா பதறிப்போனாள். என்னடா செய்தாய் என்று கேட்டதற்கு, காது அரித்தது, தீக்குச்சியை விட்டுக் குடைந்தேன் என்று தம்பி கூசாமல் சொன்னான். அப்பாவும் அதை நம்பிவிட்டார். தும்மியதை மறப்பதுபோல அந்த அறையை அன்றைக்கே மறந்துவிட்டவர் அவர். காதுக்குள் குச்சி விடுகிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று தம்பியைத் திட்டித் தீர்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டான்.

அம்மா துணி ஆலையில் வேலை பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாதான் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். தம்பி அக்காவின் கையை விடாததால் அவளும் போனாள்.

காது டாக்டரம்மா சிரிக்கிற ரகம் இல்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சின்னப் புனல் ஒன்றைத் தம்பியின் காதில் வைத்து உள்ளே பார்த்தார். உள்ளே ரத்தக்கட்டி அடைத்திருந்தது. தட்டினால் ரீங்காரமிடும் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, இரண்டு காதுகளுக்குப் பக்கத்திலும் மாற்றி மாற்றிப் பிடித்தார். இடது பக்கம் சத்தம் தூரத்தில் கேட்பதாகத் தம்பி சொன்னான்.

மேசைமேல் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் காது இருந்தது. டாக்டர் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் காட்டினார். வெளியே தெரிகிற மடல் சத்தத்தைப் பிடித்துக் குழாய்க்குள் அனுப்புமாம். குழாய் முடிகிற இடத்தில் தாள் மாதிரி மெல்லிய தோல் ஒன்று. அதுதான் செவிப்பறை. சத்தம் பட்டால் அது அதிரும். அதற்குப் பின்னால் ஒரு குட்டி அறை. அதில் ஒன்றோடொன்று கோத்தபடி மூன்று எலும்புகள்: சுத்தி, பட்டடை, குதிரைச் சேணத்தில் கால் வைக்கிற வளையம் மாதிரி இருக்கிற அங்கவடி. அந்த அதிர்வை வாங்கி உள்காதுக்குக் கொடுப்பவை அவைதான். உடம்பிலேயே சின்ன எலும்பு அந்த அங்கவடி; பாதி அரிசி அளவுதான்.

"நம்ம பட்டறையில இருக்கிறதெல்லாம் இவன் காதுக்குள்ளயும் இருக்கே" என்றார் அப்பா. டாக்டர் சிரிக்கவில்லை.

"இவனுக்குப் பறை கிழிஞ்சிருக்கும்போல. தீக்குச்சி அவ்வளவு தூரம் போயிருந்தா எலும்பு விலகியிருக்கலாம். குச்சித் துணுக்கும் உள்ளயே தங்கியிருக்கலாம். மயக்க மருந்து குடுத்துத் திறந்து பாத்துடணும். நாளைக்கே சேத்துடுங்க."

தம்பியின் நகம் வாயாடியின் உள்ளங்கையில் பதிந்தது. அவன் பயத்தில் செத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் அக்காவைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

சொன்னால் அம்மா போய்விடுவாள். சொல்லாவிட்டால், இல்லாத தீக்குச்சியைத் தேடித் தம்பியின் காதைத் திறந்துவிடுவார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று வாயாடிக்குத் தெரியும். அதனால் பிளாஸ்டிக் காதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தீக்குச்சி குத்தல டாக்டர். அப்பா அறைஞ்சாரு. திங்கக்கிழமை."

அப்பாவின் முகம் செத்துப்போனது. ஒரே ஒரு அறைதானே என்று ஏதோ ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

விரித்த கை மடலை மூடிக்கொண்டு விழுந்தால், குழாயில் இருக்கிற காற்றுக்கு வெளியே போக வழியில்லை, அது பறையைத்தான் முட்டும் என்றார் டாக்டர்.

"தெரியும் டாக்டர்" என்றார் அப்பா. "மூடியை ஓங்கி அடிச்சு மூடினா பெட்டியோட பக்கத் தகரம் புடைக்கும். பாத்திருக்கேன்." வலது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் ஒளித்துக்கொண்டார்.

டாக்டர் ரத்தக்கட்டியைச் சுத்தம் செய்துவிட்டு, பெரிய நுண்ணோக்கியை இழுத்துவைத்து நெடுநேரம் பார்த்தார். குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. குச்சி போயிருந்தால் கீறியிருக்கும். இது வெறும் கிழிசல், ஆபரேஷன் வேண்டாம், பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும் என்றார். தண்ணீர் போகக் கூடாது, கண்ட மருந்தையும் ஊற்றக் கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. ஆறு வாரம் கழித்து வரவேண்டும்.

பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "அடுத்த தடவை இப்படி வந்தா, நான் உங்ககிட்ட பேச மாட்டேன். போலீஸ்கிட்டதான் பேசுவேன்."

வழியில் தம்பி அக்காவின் கையை உதறிவிட்டுத் தனியாக நடந்தான். அம்மாவிடமும் தானே சொல்ல வேண்டியிருக்கும் என்று வாயாடி காத்திருந்தாள். ஆனால் சாயங்காலம் அம்மா உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒன்றையும் மென்று விழுங்கவில்லை.

அம்மா தம்பியின் காதைத் தொடாமல் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நாங்க எங்கயும் போகல. நீங்க போங்க. அந்தக் காது ஆறுற வரைக்கும் பட்டறையிலயே இருங்க."

அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

தம்பி மூன்று நாள் அக்காவோடு பேசவில்லை. நாலாம் நாள் குளிக்கப்போகும்போது, காதில் தண்ணீர் போகாமல் அடைக்க, வாஸ்லின் தடவிய பஞ்சோடு அவள் வந்து நின்றதும் காதைக் காட்டினான். தினமும் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனவளும் அவள்தான். காது எப்படி இருக்கிறது என்பதைத் தவிர அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. ஆறு வாரமும் அந்த வீட்டில் சத்தமே இல்லை.

ஆறு வாரம் கழித்து நாலு பேரும் டாக்டர் அறையில் நின்றார்கள். அப்பா மட்டும் கதவோரமாக.

பறை மூடிவிட்டது என்றார் டாக்டர். கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். தம்பி வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னாலிருந்து கிசுகிசுப்பதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். டாக்டர் ஏணி என்றார். தம்பி "ஏணி" என்று கத்தினான். குருவி என்றார். அதற்கும் கத்தினான். மெதுவாகச் சொல்லு என்றால் அவனுக்கு எங்கே புரிகிறது.

டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு, நீங்கள் ஒன்று சொல்லுங்கள் என்றார்.

அப்பா தம்பிக்குப் பின்னால் வந்து நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது. பக்கத்தில் நின்ற வாயாடிக்கே அது கேட்கவில்லை.

"மன்னிச்சுக்கடா" என்று தம்பி சுவரைப் பார்த்துக் கத்தினான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

தம்பி விரலை எடுத்துவிட்டுத் திரும்பினான். "சரியா சொன்னேனாப்பா?"

"ஒரு எழுத்து விடாம சொல்லிட்ட" என்றார் அப்பா.

அம்மா டாக்டர் கொடுத்த சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, பட்டறையைப் பூட்டிவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள்.