வேன் இன்னும் வரவில்லை

"சாவியை வண்டியிலேயே விட்டுட்டா போவீங்க?"

டீ கிளாஸும் கையுமாக ஓடி வந்த வேன் டிரைவர் அப்படியே நின்றுவிட்டான். திட்டு காதில் விழுந்ததா என்றே அவளுக்குத் தெரியவில்லை... பார்வை மட்டும் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அவனுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ரிசார்ட்டின் சுற்றுலா வேன் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார் அவளுடைய அப்பா.

ஆயுசு முழுக்க எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டிவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். வண்டி என்று ஒன்று நின்றால் கால் தானாக டிரைவர் கதவுப் பக்கம் போகும். ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட்டும் செய்த பிறகுதான், இங்கே தான் சவாரி வந்தவன் என்ற நினைப்பே அவருக்கு வந்தது. அசடு வழியச் சிரித்துக்கொண்டு இறங்கினார்.

"அப்பாவே ஓட்டட்டும் மேடம். நான் உங்க பக்கத்துல... இல்ல இல்ல, கடைசி சீட்டுல உக்காந்துக்கறேன்," என்றான் அவன்.

கொழுப்பு என்று நினைத்தாள். சிரிப்பு எட்டிப் பார்த்துவிடுமோ என்ற பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரிசார்ட்டில் அவனுக்குப் பெயரே 'நிதானம்'. ஓட்டுகிற வேகம் அப்படி. யாரிடம் வந்து யார் மாட்டினார்கள் பாருங்கள்! அவள் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாள் முழுக்க ஊரையே "அசையாம இருங்க" என்று அதட்டிவிட்டு, தான் மட்டும் ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். கடற்கரைக்கு வந்தும் புத்தி மாறவில்லை. சாய்வு நாற்காலியில் சாய்ந்த மறுநிமிடம் எழுந்து போய் அறைப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வந்து உட்கார்வாள். அப்பா மாத்திரை போட்டாரா என்று மறுபடி எழுவாள்.

இந்தப் பயணமே அப்பாவின் ஆசைதான். ஊரில் உள்ள குடும்பங்களையெல்லாம் கடல் பார்க்க ஏற்றிக்கொண்டு போனவர், பெற்ற மகளை ஒரு தடவைகூடக் கூட்டிப்போனதில்லை. உங்கம்மா இருக்கும்போதே வந்திருக்கணும் பாப்பா என்று, அலையில் கால் நனைத்த அன்றே சொன்னார். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

முதல் நாள் கலங்கரை விளக்கம். மறுநாள் உப்பளம். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். இந்த வேகத்தில் போனால் இன்றைக்கு மறைகிற சூரியனை நாளைக்குத்தான் பார்க்கலாம் தம்பி என்று வம்புக்கு இழுத்தார். நிதானம் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த வளைவில் எந்த கியர் என்று அவரிடமே கேட்டான். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உப்பளத்திலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் தன் பாட்டுக்கு ஆடியது. முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவன் கண்கள்... பார்த்தாள். அவனும் பார்த்தான். சட்டென்று மழையை வேடிக்கை பார்ப்பவள் போல் திரும்பிக்கொண்டாள். போயிருக்கும் என்று நிமிர்ந்தால், இருந்தன. அமைதியான, கொஞ்சம் பயந்த கண்கள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இந்த வயசுல என்னடி கூத்து இது என்று தன்னையே அதட்டினாள். ஆனாலும் வேன் இன்னும் மெதுவாகப் போனால் தேவலை என்றுதான் இருந்தது.

முன் சீட்டில் இருந்தவர் லேசுப்பட்டவரா? கண்ணாடியில் டிரைவர் பார்ப்பது ரோட்டையா, ஆளையா என்று அவருக்கா தெரியாது? காலை ட்ரிப்பில் வரும் ஒரு பெண்ணை அதே மாதிரி கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே கல்யாணம் வரைக்கும் போனவர் ஆயிற்றே! அன்று மீதி வழி முழுக்க அவர் இல்லாத பிரேக்கைக்கூட மிதிக்கவில்லை.

அறைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். நாளைக்கு நமக்கு வேன் வேண்டாம் என்று ரிசப்ஷனில் சொல்லிவிட்டாராம். நான் என்னப்பா செய்தேன் என்று அவள் எகிறினாள். நீ ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் இப்போதே சொல்கிறேன், அவன் நல்ல பையன்தான், தொழில்தான் வேண்டாம் என்றார்.

"டிரைவர் பொண்டாட்டி பொழப்பு எனக்குத் தெரியும் பாப்பா. உங்கம்மா பாதி ஆயுசை வாசல்ல நின்னே கழிச்சா. அந்தப் பாவம் என்னோட போகட்டும். உனக்கு வேணாம்."

யாருக்கு வேணுமாம், ரெண்டு நாள் பார்த்தவனை என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். தூக்கம் வந்தால்தானே.

மறுநாள்தான் கடைசி நாள். அடுத்த நாள் விடிந்ததும் ரயில். காலையில் வேன் வேறொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குக் கிளம்பியது. ஏறுவதற்கு முன் அவன் அவள் ஜன்னலை ஏறிட்டுப் பார்த்தான். அவள் திரையை இழுத்துவிட்டாள். இழுத்த கையை உடைத்துப் போட்டால் என்ன என்று அன்று முழுக்க இருந்தது. நீச்சல் குளம் வரை போவாள், திரும்புவாள். பெட்டியை அடுக்குவாள், கலைப்பாள். அவன் கண்ணில் படாமலே ஊருக்குப் போய்விட்டால்? அதற்கப்புறம் எங்கே போய்த் தேடுவது?

மதியத்துக்கு மேல் மழை கொட்டியது. சாயங்கால டீ நேரத்துக்கு வந்திருக்க வேண்டிய வேன், விளக்குப் போட்ட பிறகும் வரவில்லை. பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறதாம், டிரைவருடைய போனும் கிடைக்கவில்லையாம். ரிசப்ஷன் பெண் சாதாரணமாகச் சொன்னாள்.

எப்படிப் போனாள் என்று தெரியாது. கேட் பக்கத்துக் கூரையடியில் நின்றுகொண்டிருந்தாள். வாட்ச்மேன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. தூரத்தில் வெளிச்சம் தெரிந்தால் ஓரடி முன்னே வந்தாள். வேறு வண்டி என்றால் பின்னே போனாள்.

அப்பா குடையோடு வந்தார். உங்கம்மா மாதிரியே நிக்கிறே என்றார். கோபம் இல்லை, பயந்திருந்தார்.

"அம்மா நின்னதை நீங்க எங்கப்பா பாத்தீங்க?" என்றாள். "உங்க செருப்புச் சத்தம் தெருமுனையில கேட்டதும் உள்ள ஓடுவாங்க. முகத்தைக் கழுவி, தலையைச் சீவி, நல்லாருக்கான்னு என்கிட்ட கேப்பாங்க. தினமும் கேப்பாங்க. அப்புறம்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி வாசல்ல வந்து நிப்பாங்க. அவங்க கஷ்டப்பட்டு நிக்கலப்பா... ஆசையா நின்னாங்க."

குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்பாவின் தோள் நனைந்தது. அவர் கவனிக்கவில்லை.

"எனக்காகவா தலை சீவினா?" என்றார். "சொல்லவே இல்லையே பாப்பா..."

அழுதுவிட்டார். அப்பா அழுது அவள் பார்த்தது அம்மா போன அன்றுதான். கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளிச்சம் வந்தது. இந்தத் தடவை வேன்தான். அப்பா குடையை அவள் கையில் திணித்தார். போய்ப் பேசு என்று மட்டும் சொல்லிவிட்டு, மழையில் நனைந்தபடியே உள்ளே நடந்தார்.

குடும்பம் இறங்கிப் போனது. கடைசியில் அவன் இறங்கினான். முழங்கால் வரை சேறு. அவளைப் பார்த்ததும் அங்கேயே நின்றான்.

"வழியில யார் போனையாவது வாங்கி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சண்டைதான் முதலில் வந்தது. "இங்க ஒருத்தி செத்துப் பொழைச்சு நிக்கிறேன்."

"எனக்காகவா நின்னீங்க?"

"வேற யாருக்காக? உங்களைப் பிடிச்சிருக்கு... அதான் நிக்கிறேன். போதுமா?"

சொல்லிவிட்டாள். அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துடைக்க வழிந்தது.

"தண்ணி வடியற வரைக்கும் பாலத்தைப் பாக்கலைங்க, கடிகாரத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றான். "காலைல கிளம்பிடுவீங்களே... நேத்து ரிசப்ஷன்ல உங்க அட்ரஸ் கேட்டேன். கெஸ்ட் அட்ரஸ் குடுக்கக் கூடாதாம்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"பயமா இருந்துச்சு. இப்ப கேக்குறேன்."

குடையை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த மருந்துக்கடைக்கு எதிர்ச்சந்து, மாடியில் எந்தக் கதவு... ஒன்று விடாமல் சொன்னாள். அவன் மனப்பாடம் செய்கிறவன் போல உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா இனிமே எப்பவும் வீட்லதான் இருப்பாரு," என்றாள். "வரும்போது உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."