கோமதியின் பங்குக் காற்று

வெண்பாறையில் காலையில் எழுந்ததும் யாரும் முகம் கழுவப் போவதில்லை. இன்றைக்குத் தன் மூச்சு எங்கே வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நிலவின் தென்முனையில் பனிக்கட்டி வெட்டும் அந்தச் சுரங்கக் குடியிருப்பில் காற்று ஆளுக்கு ஒரு பங்கு. மனிதவளப் பதிவேட்டில் 'பணி' என்றிருந்தால் அந்தப் பங்கு சுரங்கத்துக்குப் போகும். 'விடுப்பு' என்றிருந்தால் வீட்டுக்கு வரும். தோளில் பதித்த மின்சில்லைப் பார்த்துத்தான் சுரங்கத்தின் காற்றுக்குழாய் திறக்கும். விடுப்பில் இருப்பவர் வந்தால் வாயிலில் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே குழாய் திறக்காது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் மூச்சு விட்டால் கட்டுப்படியாகாது என்பது நிர்வாகத்தின் நியாயம்.

அந்தப் பதிவேட்டைப் பதினாறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டவர் நயினார். அலுவலகப் பின்னறையில் இரைந்துகொண்டிருந்த பழைய இயந்திரத்திலிருந்து அதை மேகத்துக்கு மாற்றும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. மழையே பெய்யாத ஊரில் அதற்குப் பெயர் மேகம். பூமியைச் சுற்றும் நிலையங்களில் இருந்துகொண்டு எல்லாக் குடியிருப்புகளின் ஆட்களையும் ஒருசேரக் கவனிக்கும் மென்பொருள் அது.

மாற்றத்துக்குப் பத்து நாள் ஒதுக்கியிருந்தார்கள். முதல் வாரம் முழுக்க மேகம் உளறிக்கொண்டிருந்தது. பிறந்து நாற்பது நாளான குழந்தையைச் சுரங்கத்துக்கு வரச் சொன்னது. எல்லாம் சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம் என்று நயினார் எல்லோரிடமும் வாயால் சொல்லிவைத்தார். சுற்றறிக்கை விடுவதென்றால் மேலிடத்தில் கையெழுத்து வாங்க மூன்று நாள் ஆகும். சுரங்க வாயிலைக் காக்கும் ரஞ்சிதத்திடமும் நடந்துகொண்டே சொன்னார்: "செவப்பு விளக்கு எரிஞ்சாலும் ஆளை உள்ள விட்டுரும்மா. பத்து நாளைக்கு அது சும்மா எரியும்."

காற்றுக்குழாய்கள் கடைசி நாள்வரை பழைய பதிவேட்டின் பிடியிலேயே இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். குழாய்களை மேகத்திடம் ஒப்படைக்கும் தேதியை மேலிடம் எட்டாம் நாளுக்கு இழுத்திருந்தது. அந்தத் தகவல் அவருக்கும் வந்திருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்.

எட்டாம் நாள் காலையில் அவர் மனைவி கோமதி சுரங்க உடுப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஒங்க மேகம் என்னைய வீட்ல இருக்கச் சொல்லுது. நூத்தி நாப்பது நாள் லீவை எடுக்காம வச்சிருக்கேனாம். இன்னைலேர்ந்து கட்டாய லீவாம்."

"அது கெடக்கு. போன வருசம் செத்த சுடலைக்கு நேத்து மேஸ்திரி வேலை குடுத்துச்சு. நீ கெளம்பு."

"பாத்தீங்களா, அதுவா லீவு குடுத்தாலும் நீங்க விட மாட்டேங்கீங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மதியம் நயினார் சாப்பிட வீட்டுக்கு வந்தார். அறையில் காற்று வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாக, தாராளமாக வீசிக்கொண்டிருந்தது. அவள் வைத்துவிட்டுப் போன குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். சுகமாக இருந்ததால் அரைமணி நேரம் கண்ணயர்ந்தார்.

அது கோமதியின் பங்கு என்பது எழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. சுரங்கத்தின் அடியில் அவளுக்குக் குழாய் திறக்கவில்லை. முதுகுப் புட்டியில் இருபது நிமிடக் காற்று இருந்தது. மேலே ஏறி வர நாற்பது நிமிடம்.

விசாரணையை மேகமே நடத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தும் ஆளை உள்ளே விட்ட ரஞ்சிதம் குற்றவாளி. அடுத்த கப்பலில் அவளைப் பூமிக்கு அனுப்ப வேண்டும் என்றது. ரஞ்சிதம் நிலவில் பிறந்தவள். பூமியின் எடையில் அவளுடைய எலும்புகள் எழுந்து நிற்கக்கூட விடா. 'யார் விடச் சொன்னது?' என்று கேட்டபோது அவள் நயினாரின் பெயரை எடுக்கவில்லை. கவனிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரை இதில் இழுப்பானேன் என்று நினைத்திருப்பாள்.

துக்கம் விசாரிக்க வந்தவள் "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சாப்பிட்டேன் என்று அவரும் சொன்னார். இருபது நாள் இப்படியே ஓடியது. தினமும் அலுவலகம் போனார், வந்தார். வீட்டில் இப்போது ஒரு பங்குக் காற்றுதான் வந்தது. அதை இழுத்து விடுவதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கப்பல் புறப்பட ஒருநாள் இருந்தபோது விசாரணை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நாந்தான் விடச் சொன்னேன். கோமதியையும் நாந்தான் கெளம்பச் சொன்னேன். அந்தப் பிள்ளைமேல ஒரு தப்பும் இல்ல. என்னைய அனுப்புங்க."

நடந்தது அத்தனையையும் ஆதியோடந்தமாகச் சொல்லிமுடித்தபோது சட்டை நனைந்திருந்தது. மேகம் குறுக்கிடாமல் கேட்டது.

"உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். நீங்கள் கூறியது பதினொரு பக்க ஆவணமாகத் தயாராகிவிட்டது. படித்துப் பார்த்து ஒப்புதல் தரவும். ஒப்புதலுக்குப் பின் மாற்றம் ஏற்கப்படாது."

திரையின் அடியில் வட்டம் ஒளிர்ந்தது. அவருடைய கட்டைவிரல் தானாகவே அங்கே போய்விட்டது. நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது.

நேராக ரஞ்சிதத்தின் வீட்டுக்குப் போனார். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுக்காதம்மா, எல்லாத்தையும் எடு. நான் போய் உள்ளதைச் சொல்லிட்டேன்."

அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். "எப்பம் சொன்னீங்க?"

"இப்பதான்."

"எனக்கு முந்தாநாளே ஒரு கடுதாசி வந்துச்சே அண்ணாச்சி. குத்தத்தை ஒத்துக்கிடுதியான்னு போல இருக்கு. அடியில இருந்த வட்டத்துல வெரலை அமுக்கிட்டேன்."

"படிக்காமயா அமுக்குனே?"

"நீளமா இருந்துச்சு. ஒங்களுக்கும் வந்திருக்குமே, நீங்க படிச்சீங்களா?"

நயினார் கைத்திரையை எடுத்து ஆவணத்தைத் திறந்தார். அவர் பேசியதெல்லாம் முதல் எட்டுப் பக்கங்களில் அட்சரம் பிசகாமல் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் மேகம் தன் பங்கைச் சேர்த்திருந்தது. 'வாக்குமூலம் அளித்தவர் இறந்தவரின் கணவர். துயரத்தில் பேசியவை சான்றாகக் கொள்ளப்படா என்பதை அவர் அறிவார். வாயிற்காவலர் மீதான நடவடிக்கைக்கு முழுமனதுடன் இசைகிறார்.' அதன் கீழே அவருடைய கட்டைவிரல் ரேகை, ஒரு கோடுகூடக் கலையாமல்.

"என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?" ரஞ்சிதம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிகளில் பாதியை வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

நயினார் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"பதினோரு பக்கம் இருக்கும்மா" என்றார். "படிச்சிட்டுச் சொல்லுதேன்."