படலம் தாண்டிய பதினேழு

காலை 11.40.

மூன்று சோதனைகளில் அசையாமல் நின்ற பதினேழாம் எண் மருந்து, நான்காவதில் குடல் செல் படலத்தைத் தாராளமாகத் தாண்டிவிட்டது. ஆய்வுக்கூடமே துள்ளிக் குதித்தது. தணிக்கை அதிகாரிக்கு மட்டும் தலை சுற்றியது. அவளுக்கு அங்கே 'பூதக்கண்ணாடி' என்று பெயர்.

திங்கள் முதல் நாற்பது நோயாளிகள் இதை விழுங்கவேண்டும். பழைய மாத்திரையை இன்று மதியமே நிறுத்தும்படி அறிவிப்பும் பறந்துவிட்டது. குடல் இதை உறிஞ்சாவிட்டால் அவர்கள் கதி?

சோதனை எளிமையானது. கிண்ணத்துக்குள் ஒரு கிண்ணம். உள்கிண்ணத்தின் அடியில் குடல் சுவர் போல வளர்த்த செல்கள். மேலே மருந்தை ஊற்றி, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். கீழே இருக்கும் வெளிக்கிண்ணத்தில் உள்கிண்ணத்தைப் போல மூன்று மடங்கு நீர் பிடிக்கும்.

12.10. செல் அறைக்காரம்மா.

"படலத்துல ஓட்டை விழுந்திருக்குமா?"

"வாய்ப்பே இல்ல மேடம். முன்னயும் பின்னயும் சோதிச்சேன், கசிவே இல்ல. ஒன்பது மணிக்கு மேல் நீர், கீழ் நீர் ரெண்டையும் முழுசா தனித்தனிக் குழாய்ல எடுத்து, மூடியில எழுதி, குளிர்பெட்டியில பூட்டினேன்."

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. மருந்தைச் செஞ்ச வேதியியலாளர்கிட்ட ஒண்ணு."

12.30. அளவைக்கருவிக்காரர்.

"பதினோரு மணிக்கு அந்தம்மாவே எடுத்துக் குடுத்தாங்க. அவங்க கண்ணெதிரேயே அளந்தேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டுதான் எடுத்தேன்."

யாரும் புளுகியதாகத் தெரியவில்லை. படலம் முழுசு, கருவி சரி, மருந்தும் அதே மருந்து. பிறகு எப்படி? பூதக்கண்ணாடிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

1.15. வேதியியலாளர்.

"சோதனையில கீழ எவ்வளவு தண்ணி இருக்கும் சார்?"

"மேல எவ்வளவோ அவ்வளவுதான். அதுக்கென்ன இப்போ?"

"'கீழ்'னு எழுதின குழாய்ல அடியில கொஞ்சம்தான் இருக்கு. 'மேல்'ல மூணு பங்கு இருக்கு. தலைகீழா இருக்கே! ஒன்பதுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல மூடியை மாத்திட்டீங்க. மேல தங்கின மருந்துதான் 'கீழ்'னு அளவாயிடுச்சு. செல் அறைக்காரம்மா மாத்தியிருந்தா தண்ணியையும் சரிக்கட்டியிருப்பாங்க. தினம் ஊத்துற கையாச்சே. அளவு தெரியாதது உங்களுக்குத்தான்."

அவர் குளிர்பெட்டிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அந்தக் கிண்ணம் குடலாயிடுமா மேடம்? மனுஷக் குடல்ல இது ஏறும். எனக்கு நம்பிக்கை இருக்கு. அந்த நாப்பது பேர்ல எங்க அக்காவும் ஒருத்தி."

"ஏறலன்னா?"

திட்டுவதா, தேற்றுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மத்தவங்களுக்கு டாக்டர் சொல்லிட்டிருக்கார். உங்க அக்காகிட்ட நீங்களே பேசுங்க."

அவர் விரல் இரண்டு முறை தவறான எண்ணில் விழுந்தது.

"அக்கா... சாப்பிட்டியா? மாத்திரை? ஐயோ, இல்ல, நிறுத்தாதே. பழசையே போடு. இப்பவே போடு. ஏன்னு... நேர்ல வந்து சொல்றேன்க்கா."